மூன்றாம் வரிசையில் ஒன்பதாவது

அக்டோபர் 3, வெள்ளி

வெறும் வயிற்றில் 142.

தினமும் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கச் சொன்னார் டாக்டர். அதற்காகப் பேத்தி பெனிட்டா இந்த நோட்டை வாங்கித் தந்தாள். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம் வீண். மிச்ச இடத்தில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் கேட்டதும் பார்த்ததும் எதுவும் என்னை விட்டுப் போனதில்லை. இந்தக் கடற்கரையில் யார் எந்த வருஷம் செத்தார், எந்தக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் எழுந்து போனார் என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். என் கல்யாணப் பந்தியில் எனக்குக் கிழிந்த இலை போட்டவள் பெயர்கூட இருக்கிறது. அவளோடு நான் இன்றுவரை பேசவில்லை.

ஆனால் அவளெல்லாம் ஒரு கணக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி மிக்கேலம்மா இருந்தாளே, அவள்தான். செத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நான் விடவில்லை.

பெனியின் அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில். வீட்டில் நானும் அவளும்தான். டிப்ளமோ முடித்துவிட்டுத் தூத்துக்குடி எஞ்சினியர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பிளான் வரைந்து கொடுக்கிறாள். இப்போது பங்குச் சாமியாரே அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. கடலோரச் சுவரை ஒட்டி அடுக்குக் கல்லறை கட்டப் போகிறார்கள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்கு ஆயர் வந்து மந்திரித்து ஆசீர்வதிப்பார், அதற்குள் தூண் குழி வெட்டியாக வேண்டும். பழைய படம் இரண்டு இருக்கிறதாம். ஒன்று செத்துப்போன கஸ்பார் எஞ்சினியர் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைந்தது. இன்னொன்று ஆயர் ஆபீசான மேற்றிராசனத்தில் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அளந்தது. இரண்டும் சுண்டுவிரல் நீளப் பென்டிரைவில் வந்திருக்கின்றன. இவள் அவற்றைத் தன் படத்துக்குள் சேர்க்க வேண்டும்.

சாயங்காலம் செலஸ்தீனா கேப்பைப் புட்டு கொண்டு வந்தாள். மிக்கேலம்மாவின் மகள். சர்க்கரை போடாமல் தேங்காய் தூக்கலாக இருந்தது. நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

128.

பழைய படத்தைப் புது வேலைக்குள் கூட்டி வருவதற்கு இம்போர்ட் என்று பெயர். பெனி கஸ்பாரின் பைலை இம்போர்ட் செய்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. கறுப்பாகவே கிடந்தது.

"வந்துட்டுன்னு சொல்லுது பாட்டி. ஆளைக் காணும்."

மவுஸின் சக்கரத்தை உருட்டித் தூரப் போனாள். போகப் போக அவள் வரைந்த புதுத் தோட்டம் கடுகாகச் சிறுத்தது. அப்புறம் அதற்குக் கிழக்கே வெகு தொலைவில் இன்னொரு கடுகு தெரிந்தது. கிழக்கே என்றால் கடல். கஸ்பாரின் கல்லறைத் தோட்டம் அத்தனை பிணத்தோடும் நடுக்கடலில் போய்க் கிடந்தது.

அவர் அளவை வேறெங்கோ தொடங்கியிருப்பார், அதனால் தள்ளி விழுந்திருக்கிறது என்று சொல்லி அதைப் பிடித்து இழுத்து வந்தாள். கிட்டத்தில் பார்த்தால் எறும்புக்கு வெட்டின குழி மாதிரி அவ்வளவும் சின்னச் சின்னதாக இருந்தன. அவர் அங்குலத்தில் போட்டிருக்கிறார், இவள் மில்லிமீட்டரில் போடுகிறாள். இருபத்தைந்து சொச்சம் மடங்கு பெருக்கினாள். ஒரு நொடி. எறும்புக் குழிகள் எல்லாம் ஒரே மூச்சில் மனுஷக் குழிகளாக வீங்கி நின்றன.

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

135. கால் எரிச்சல்.

எல்லாப் படத்துக்கும் பொதுவாக இருப்பது நடுவில் நிற்கும் பெரிய குருசும் வாசல் தூணும். அந்த இரண்டையும் பிடித்துப் பழைய படத்தைப் புதுப் படத்தின் மேல் பொருத்தினாள் பெனி. கஸ்பாருடையது மஞ்சள் கோடு. மேற்றிராசனத்துடையது பச்சைக் கோடு. மஞ்சள் மேல் பச்சை உட்கார்ந்ததும் மஞ்சள் மறைந்துவிட்டது. ஒரு நூல் விலகவில்லை. கஸ்பார் மனிதர் கெட்டிதான்.

ஒரே ஒரு இடத்தில் மஞ்சள் மட்டும் மிஞ்சி நின்றது. மூன்றாம் வரிசையின் கடைசியில், சுவரோரம், ஒரு சின்னக் கட்டம். மற்றதெல்லாம் ஆறரை அடி. அது மூன்றேமுக்கால் அடி. பச்சையில் அந்த இடம் காலி.

"மூணாவது வரிசையில அப்ப ஒம்பது இருந்திருக்கு. பிறகு எட்டுதான் இருக்கு. அந்த ஒம்பதாவது என்னது பாட்டி?"

எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

151. ஒன்றும் அதிகம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 8, புதன்

147.

கஸ்பாரின் படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெயர் எழுதியிருக்கிறார். ஆனால் அது அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்டாம், பெனியின் லேப்டாப்பில் இல்லையாம். பெயருக்குப் பதிலாக இங்கிலீசு எழுத்தும் கேள்விக்குறியும் கொம்புமாகக் கலந்து கிடக்கிறது. நாக்கு அறுந்தவர்கள் பேச வாயைத் திறந்தது போல இருந்தது.

கஸ்பாரின் பழைய ஆபீசில் கேட்டு அந்த ஃபாண்டை வாங்கி வருகிறேன், அதற்குள் நீங்கள் மூன்றாம் வரிசையைச் சொல்லுங்கள் என்றாள். நான் சொன்னேன். முதல் நான்கு பெயரைச் சொன்னேன். ஐந்து மிக்கேலம்மா. ஆறு தொம்மை. ஏழு ஞானமுத்து. எட்டு பிலோமி.

எட்டாவது கட்டத்தைப் பெனி அளந்து பார்த்தாள். "பிலோமி அத்தை செத்தப்ப ஆறு வயசுதானே பாட்டி? எதுக்கு ஆறரை அடி?"

பிலோமி என் மூத்த மகள். இவள் அப்பாவுக்கு அக்காள். அந்தக் காலத்தில் ஒரே அளவாகத்தான் வெட்டுவார்கள் என்று சொன்னேன். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். எதையும் கேட்டதும் எழுதிக்கொள்கிறாள். நான் சொன்னால் ஊரே அப்படித்தான்.

அக்டோபர் 10, வெள்ளி

160.

மத்தியானம் ஃபாண்ட் வந்துவிட்டது. பெனி அதை ஏற்றி, பைலை மூடித் திறந்தாள். கேள்விக்குறியெல்லாம் போய் மூன்றாம் வரிசையில் பெயர்கள் நின்றன.

முதல் நான்கும் நான் சொன்னபடியே. ஐந்தில் 'பெயர் தெரியாதவர், கரை ஒதுங்கியது' என்றிருந்தது. ஆறில் மிக்கேலம்மா. ஏழில் தொம்மை. எட்டில் ஞானமுத்து. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து கொள்ளாமல் வெளியே நீட்டிக்கொண்டு, பிலோமி, வயது 6.

பெனி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு, அஞ்சிலிருந்து எல்லாரும் ஒரு இடம் தள்ளியிருக்கிறார்கள் என்றாள். பச்சைப் படமும், இன்று அங்கே நிற்கிற சிமிட்டி குருசுகளும், நான் சொன்னதும் ஒன்று. கஸ்பார் மட்டும் வேறு.

"யாரு சொல்றது சரி பாட்டி?"

கஸ்பாருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறிப் போச்சு என்றேன்.

"நினைச்சேன். உங்களுக்குத் தப்பாதே" என்றாள். நிம்மதியாகிவிட்டாள்.

அக்டோபர் 11, சனி

கஸ்பாருக்குக் கடைசி மூச்சு வரை புத்தி தெளிவாகத்தான் இருந்தது. சர்க்கரை பார்க்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

158.

மீன்காரி வந்தாள். சாளை முழுக்கக் கண் கலங்கிக் கிடந்தது, வாங்கவில்லை. பருப்பும் முருங்கைக்காயும் வைத்தேன்.

பெனி அடுக்குக் கல்லறைக்குத் தூண் போட்டாள். சிவப்புச் சதுரங்கள், ஆறு. சுவரோரம் வரிசைகள் முடிகிற இடங்களில் எங்கே காலியோ அங்கே வைக்கச் சொன்னாராம் தூத்துக்குடி எஞ்சினியர். நாலாவது தூண் மூன்றாம் வரிசையின் கடைசியில் வந்தது. அந்த மஞ்சள் கட்டத்தின் மேலேயே வந்தது. ஆறடி ஆழம் எந்திரம் வைத்துத் தோண்டுவார்கள். இருபத்தேழாம் தேதி.

அங்கே வேண்டாமே என்றேன். ஏன் என்று கேட்டாள். சுவரில் ஈரம் இறங்கும் என்று சொன்னேன். அதற்கெல்லாம் மருந்து அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, கஸ்பாரின் மஞ்சள் லேயர் கண்ணைக் குழப்புகிறது என்று அதை அணைத்துவிட்டாள். மஞ்சள் முழுக்கப் போய்விட்டது. சிவப்புத் தூண் மட்டும் கறுப்பில் நின்றது.

அக்டோபர் 15, புதன்

171.

இன்று பைலைத் திறந்தபோது மஞ்சள் திரும்ப வந்திருந்தது. தூணுக்கு அடியிலிருந்து அந்தச் சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது.

பெனி மறுபடி அணைத்தாள். மூடித் திறந்தாள். வந்தது. மூன்று தடவை செய்து காட்டினாள், விளையாட்டுப் போல. அது இந்தப் படத்துக்குள் கலக்கவில்லையாம், வெளியிலிருந்து தொடுத்து வைத்திருக்கிறதாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மூலப் பைலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கொண்டுவந்து நிறுத்துமாம்.

"இங்க மறைச்சா போவாது பாட்டி. மூலத்துல இருக்குல்லா."

மொத்தமாக அறுத்துவிடட்டுமா என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

166.

செலஸ்தீனா வந்தாள். ஆயர் பூசையில் வாசிக்க ஆத்துமாக்கள் பெயர்ப் பட்டியல் எழுதுகிறாளாம். அவள் அம்மா மிக்கேலம்மா பெயருக்கு அடுத்ததாகப் பிலோமி பெயரை எழுதியிருந்தாள். உன்னை யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். அம்மா இருந்தவரை வருஷா வருஷம் அவள் பெயரைக் கொடுப்பாள், அதை நான் விடாமல் செய்கிறேன் என்றாள். எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்று.

அவள் உட்கார்ந்துகொண்டு, அப்பா மட்டும் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் பிலோமி பிழைத்திருப்பாள் என்று சொன்னாள். அவர் சாகும்வரை அதைச் சொல்லி அழுவாராம்.

நாற்பத்து நாலு வருஷமாக வாய்க்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"உங்கப்பா வீட்டுலதான் இருந்தாரு. வாசல்ல செருப்பு கிடந்துச்சு. நீல வாரு போட்ட செருப்பு. நான் பிள்ளையைத் தோள்ல போட்டுட்டு நிக்கேன். தொண்டை அடைச்சு அவ மூச்சு விசிலடிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ மோட்டார் சைக்கிள் இந்த ஊர்லயே உங்க வீட்டுலதான் இருந்துச்சு. உங்கம்மா கதவுல கையை வச்சுக்கிட்டு, அவுக கடலுக்குப் போயிட்டாவன்னு சொன்னா."

செலஸ்தீனா கோபப்படவில்லை.

"சித்தி, கடலுக்குப் போறவுக என்னைக்குச் செருப்பு மாட்டிட்டுப் போனாவ?"

புட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 18, சனி

58. பெனி பயந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

பிலோமி செத்த அன்றைக்கு என் வாசலிலும் ஒரு சோடி செருப்பு கிடந்தது. என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

120.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். பகல் பதினோரு மணி. பெனி போன் பேச மாடிக்குப் போயிருந்தாள். லேப்டாப் திறந்து கிடந்தது. அந்தப் படத்தில் மவுஸுக்கு அம்பு கிடையாது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, குருசு மாதிரி இருக்கும். பெனி கையை அசைத்தால் அந்தக் குருசு கல்லறைகளின் மேல் நடக்கும்.

யாரும் தொடவில்லை. குருசு நடந்தது. முதல் வரிசையிலிருந்து இறங்கி, இரண்டைத் தாண்டி, மூன்றாம் வரிசைக்கு வந்து, ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று போனது. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதில் போய் நின்று நடுங்கியது. பக்கத்து நாற்காலி வெறுமையாக இருந்தது. ஆனால் உட்காரும் இடத்தில் பிரம்பு கொஞ்சம் அமுங்கியிருந்தது, பாரமில்லாத ஆள் உட்கார்ந்தது போல.

தொண்டையில் விசில் சத்தம் கேட்டது. என் தொண்டையா என்று தெரியவில்லை.

சர்க்கரை இறங்கினால் அப்படியெல்லாம் தோன்றும் என்கிறாள் பெனி. மேசை சரிவு, ஃபேன் காற்றில் மவுஸ் நகர்ந்திருக்கும் என்கிறாள். இருக்கலாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

139.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். குழி வெட்டும் லாசர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் வரிசையில் பிலோமி பெயர் போட்ட குருசுக்கு அப்பால், சுவரோரம் வெறும் மணலில் மெழுகுதிரியை நட்டேன். காற்றுக்கு மறைவு, அதனால் அங்கே என்று சொன்னேன்.

"இருவது வருசமா காத்து ஒரே பக்கமாத்தான் அடிக்குது போல மாமி" என்றார் லாசர். தலை நிமிரவில்லை.

இனி எழுதித்தான் ஆகவேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்னால், பெருமழை வருஷம், கல்லறைத் தோட்டத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கல்லறை கட்ட வசதியில்லாதவர்களுக்கு மரக்குருசுதான். மூன்றாம் வரிசை முழுக்க மரக்குருசு. எல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்து வாசலில் குவிந்தன. தண்ணீர் வடிந்ததும் யாருடையது எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கிருந்த சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றில் நின்று கை நீட்டினேன். நான் காட்டிய இடத்தில் கோயில் உபதேசியார் குருசை நட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் வரிசையில் நான்கு வரை சரியாகத்தான் காட்டினேன்.

ஐந்தாவது அந்தக் கரை ஒதுங்கினவன். அவனுக்குக் குருசு கிடையாது, ஒரு கல் வைத்திருந்தார்கள், அது மணலில் புதைந்துவிட்டது. உபதேசியார் கையில் அடுத்த குருசை எடுத்தார். மிக்கேலம்மா என்று வாசித்தார். எனக்கு அந்தக் கதவும் அதில் வைத்த கையும் முன்னால் வந்தன. ஐந்தைக் காட்டினேன். கிடக்கட்டும், அவள் மகள் எவனோ ஒருத்தனுக்கு முன்னால் முழங்கால் போடட்டும் என்று.

அவ்வளவுதான் செய்ய நினைத்தது. அப்புறம்தான் தெரிந்தது, ஆறு காலியாக நிற்கிறது. வரிசையில் ஓட்டை இருந்தால் உபதேசியார் கேட்பார். தொம்மையை ஆறில் காட்டினேன். ஞானமுத்துவை ஏழில். கடைசியாக என் பிலோமியின் குருசை எடுத்தார். மற்றதில் பாதி உயரம்தான் இருக்கும், நான் நீல வண்ணம் அடித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். எட்டைக் காட்டினேன். வேறு வழியில்லை.

எனக்குத்தான் தெரியுமே அவள் எங்கே என்று நினைத்துக்கொண்டேன். மறு வருஷம் கோயிலில் அதே இடங்களில் சிமிட்டி குருசு போட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 22, புதன்

144.

பெனியிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கஸ்பாருக்குப் புத்தி தடுமாறிட்டுன்னு சொன்னீங்க."

ஆமாம் என்றேன்.

"அவருக்கு இந்தப் பேரெல்லாம் யாரு சொன்னா? அவரு வெளியூரு."

நான்தான் என்றேன். மழைக்கு இரண்டு வருஷம் முன்னால் நோட்டும் டேப்பும் வைத்துக்கொண்டு வந்தார். வெயிலில் ஒவ்வொரு இடமாக நின்று நான் சொன்னேன், அவர் எழுதினார். அவர் படத்தில் இருப்பது என் வாய்தான்.

நான் படத்தை மாற்ற முடியாது, சாமியாரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். அதற்கப்புறம் இன்று முழுக்க என்னிடம் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. வெந்தயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை, தானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

155.

சாமியார் அறையில் செலஸ்தீனாவையும் வரச் சொல்லியிருந்தேன். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மழை வருஷத்தில் நீங்கள் சொன்னது ஒன்று, இந்த மாதம் பேத்தியிடம் சொன்னதும் அதே, இன்றைக்குச் சொல்வது வேறு, நான் எதை நம்பி ஆயரிடம் போய்த் தூணை மாற்றச் சொல்வேன் என்றார். கேட்டது நியாயம்தான்.

செலஸ்தீனா கையிலிருந்த செபமாலையைச் சுருட்டிப் பையில் வைத்தாள்.

"அப்ப இருவது வருசமா நான் யாருகிட்டப் பேசிட்டிருந்தேன் சித்தி? என் மாப்பிள்ளை போனப்ப, கட்டி வந்து ஆபரேசன் பண்ணப்ப, எல்லாத்தையும் அங்கதான போய்ச் சொன்னேன்."

கரை ஒதுங்கினவன்ட்ட என்றேன்.

"அவனுக்கு வேற யாரு வந்தா?"

"நீ மட்டுந்தான்."

"எங்கம்மாட்ட?"

"தொம்மை மவன். வருசத்துக்கு ஒருக்கா சென்னையில இருந்து வருவான்."

அவள் அழுவாள் அல்லது அடிப்பாள் என்று காத்திருந்தேன். சாமியாரைப் பார்த்து, ஐந்தைத் திறந்து பார்த்துவிடலாம், அப்போது யார் சொல்வது நிஜம் என்று தெரிந்துவிடும் என்றாள். என்னைப் பார்க்கவில்லை. வெளியே போகும்போது வாசற்படி இருட்டில் என் கையை மட்டும் பிடித்து இறக்கிவிட்டாள். பழக்கம்.

அக்டோபர் 27, திங்கள்

162. காலையில் ஒன்றும் இறங்கவில்லை.

எந்திரம் வந்து வாசலுக்கு வெளியே நின்றது. சாமியார் முதலில் மண்வெட்டிதான் என்று சொல்லிவிட்டார். செபம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். லாசர் ஐந்தில் இறங்கினார்.

நான்கடியில் எலும்பு வந்தது. தொடை எலும்பை லாசர் தன் காலோடு வைத்துப் பார்த்தார். அவரைவிட உயரமான ஆள். இடுப்பு இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு பெல்ட்டுக் கொக்கி, கப்பல்காரர்கள் போடுகிற மாதிரி அகலம். செலஸ்தீனா குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தலைமுக்காட்டை எடுத்து அவன் மேல் போட்டாள். மூடிவிடுங்கள் என்றாள்.

அப்புறம் ஒன்பது.

மூன்றடி வெட்டினார். மணல். நான்கடி. மணல்தான், ஈரம் மட்டும் கூடியது. ஒரு பல் இல்லை, ஒரு ஆணி இல்லை. எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லாசர் மேலே நிமிர்ந்து என்னிடம் மெதுவாக, பச்சைப் பிள்ளை எலும்பு, உப்பு மணல், நாற்பது வருஷம், ஒன்றும் நிற்காது மாமி என்றார்.

பெனி என்னைப் பார்த்தாள். நிஜமாகவே இங்கேதானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது என்று உள்ளே புரண்டுகொண்டிருந்தது. இத்தனை வருஷம் இல்லாத பயம் அது. என் பிள்ளையைப் படுக்க வைத்த இடம் என் புத்தியிலிருந்து வழுக்கிக்கொண்டு போவதை நின்று பார்த்தேன்.

லாசர் மண்வெட்டியைப் படுக்கையாகப் பிடித்துக் குழியின் தரையை ஒரு தடவை சீவினார். நின்றுவிட்டார். மறுபடி சீவினார்.

வெளுத்த மணலின் நடுவில் கறுப்பு மணல் தெரிந்தது. நான்கு பக்கமும் நேர்க்கோடு, நான்கு மூலை. ஒரு சின்னப் பெட்டியின் அளவு. மரமும் துணியும் அவளும் கரைந்து, நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பெனி குழிக்குள் டேப்பை இறக்கினாள். மூன்றேமுக்கால் அடி.

நான் கீழே பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று பட்டதும் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வெளுக்கத் தொடங்கியது. மூடுங்கள், சீக்கிரம் மூடுங்கள் என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

133.

தூண் ஐந்தடி வடக்கே போய்விட்டது. எஞ்சினியர் ஒத்துக்கொண்டார். பெனி பச்சைப் படத்தை அறுத்துவிட்டுக் கஸ்பாரின் படத்தை உள்ளேயே கலந்துவிட்டாள். இனி அது வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. மாவு மில்லில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. தொம்மை மகன் சென்னையிலிருந்து போன் செய்து சாமியாரிடம் கெட்ட வார்த்தை பேசினானாம். பேசட்டும். இதுவரை என்னிடம் மூன்று பேர் தங்கள் வீட்டுக் கல்லறையைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றுக்கும் சரியாகத்தான் சொன்னேன். மூன்று பேரும் பெனியிடம் போய் மறுபடி கேட்டார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

129.

இன்று குருசுகளை இடம் மாற்றினார்கள். மூன்றாம் வரிசையில் நானே நின்று காட்ட வேண்டும் என்று சொன்னவள் செலஸ்தீனா. தண்டனைக்குச் சொன்னாளா வேறெதற்கா, தெரியவில்லை. வெயில் ஏறுமுன் போனோம். அவள் எனக்குக் குடை பிடித்தாள்.

ஐந்து, பெயர் தெரியாதவர் என்றேன். பெனி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். செலஸ்தீனா பெனியைப் பார்த்தாள். பெனி தலையாட்டினாள். அப்புறம்தான் லாசர் கடப்பாரையைத் தூக்கினார். அவனுக்குப் புதுக் குருசு ஒன்று செலஸ்தீனா செய்து வாங்கியிருந்தாள், பெயர் எழுதும் இடம் வெறுமையாக.

ஆறு, மிக்கேலம்மா என்றேன். அந்த இடத்தில் நின்று அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி இருபத்திரண்டு வருஷம் இருக்கும். பெனி படத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள். ஏழு, தொம்மை. பார்த்தாள். எட்டு, ஞானமுத்து. பார்த்தாள்.

ஒன்பதுக்கு நான் வாய் திறக்கவில்லை. செலஸ்தீனா குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பெனியிடமிருந்து காகிதத்தை வாங்கி வாசித்தாள்.

"பிலோமி. வயசு ஆறு."

லாசர் நட்டார்.